கேத்தில் பாடுமா? மீன் பாடுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் என் மேசைமீது கிடக்கிறது. அவருடைய ஆங்கிலப் பாடப்புத்தகத்திலே, அடுப்பின்மேல் வைத்த கேத்தில் ‘ஸிங்’ செய்யத் தொடங்கியது என்று ஒரு வாக்கியம் வருகிறதாம். அதனை அவர் “கேத்தில் பாடத் தொடங்கியது” என்று மொழிபெயர்த்தார்; வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. ‘ஸிங்’ என்றால் ‘பாடு’ என்றுதானே அகராதி சொல்லுகிறது, அகராதியை நம்பியவனைப் பார்த்துச் சிரிப்பது எவ்வாறு நியாயமாகும் என்று கேட்கிறார். கடிதத்தின் அடியிலே, மையின் நிறம் சற்று மாறி, இன்னொரு வரியும் இருக்கிறது: “எங்கள் வாவி மீன் பாடலாமென்றால் கேத்தில் மட்டும் ஏன் பாடக் கூடாது?”

இந்த இரண்டாவது கேள்வி என்னை இரண்டு நாட்கள் விடாது பிடித்துக்கொண்டது. எனினும் முறைப்படி முதற் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

‘ஸிங்’ என்பது ஆங்கிலம் இரவல் வாங்கிய சொல்லன்று. அம்மொழியின் மிகப் பழைய ஏடுகளிலேயே ‘ஸிங்கன்’ என்ற வடிவில் அது காணப்படுகிறது. ஜெர்மானியரும் ஒல்லாந்தரும் ஏறத்தாழ இதே ஒலியில் இச்சொல்லை வழங்குகின்றனர். 1638ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், மாலை வேளையில் மதிலோரம் நின்று பாடியிருப்பின், ஆங்கிலேயர் வருமுன்பே இச்சொல்லின் உடன்பிறப்பு நமது வாவிக்கரையில் ஒலித்திருக்கும்.

இவ்வினத்து மொழிகளுள் மிகப் பழைய ஏடுகளை உடைய கோதிக் மொழியிலே ஒரு வியப்பு உண்டு. கி.பி. 4ஆம் நூற்றாண்டிலே உல்பிலா என்னும் ஆயர் விவிலியத்தை அம்மொழியிற் பெயர்த்தார். அங்கே, இயேசு தொழுகைக் கூடத்தில் ஏட்டை வாசிக்க எழுந்து நின்றார் என்னும் இடத்தில் ‘வாசித்தல்’ என்பதற்கு உல்பிலா இட்ட சொல், ‘ஸிங்’கின் மூத்த வடிவமே. அக்காலத்தில் வாசித்தல் என்பது வாயை மூடிக்கொண்டு கண்ணால் மேய்வதன்று. உரத்த குரலில், ராகம் இழைய, ஊர் கேட்க ஓதுவதே வாசித்தல். மேலைநாட்டு மாணவருக்கு இது விளங்கச் சிறிது நேரமாகும், நம்மவருக்கு ஆகாது. மட்டக்களப்பில் இன்றைக்கும் பிள்ளையைப் பார்த்து “ஒரு பாட்டுப் படி” என்றுதானே சொல்லுகிறோம்? வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களிலே வழக்குரை ஏட்டைப் படிப்பவர், வாசிக்கிறாரா, பாடுகிறாரா? இரண்டும் ஒன்றாய் இருந்த காலத்தின் நினைவைக் கோதிக் மொழி தன் ஏட்டில் வைத்திருக்கிறது. நாம் நாவில் வைத்திருக்கிறோம்.

இதனைக் கண்டு ‘ஸிங்’ தமிழிலிருந்து போன சொல் என்று எவரும் எனக்கு எழுத வேண்டாம். ஒலி ஒத்தால் உறவு என்று கொள்வது சொல்லாராய்ச்சி ஆகாது. பழக்கம் ஒத்திருக்கிறது, சொல் ஒத்திருக்கவில்லை.

இனித் தேர்வெழுதும் மாணவருக்குரிய பகுதி. ஸிங், ஸாங், ஸங் என்று இவ்வினை உயிரெழுத்தை மாற்றிக் காலம் காட்டும். இறந்தகாலத்தைத் தனித்துச் சொல்ல ஸாங். துணைவினையோடு சேர்த்துச் சொல்ல ஸங். பாட்டு என்னும் பெயர்ச்சொல்லாகிய ‘ஸோங்’ என்பதும் இதே வேரினின்று கிளைத்ததே. பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கே இரண்டு வடிவம் இருந்தது: ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று. பின்னர் ஒருமை, பன்மை வேறுபாடு மறைந்தபோது எதை வைப்பது, எதை விடுவது என்ற தடுமாற்றம் நெடுங்காலம் நீடித்தது. ஆகவே பழைய ஆங்கிலக் கவிதைகளில் ‘ஸாங்’ வரவேண்டிய இடத்தில் ‘ஸங்’ வந்திருக்கக் கண்டால் அச்சுப்பிழை என்று எண்ணாதீர்கள். அதே வடிவைத் தேர்வுத்தாளில் எழுதவும் வேண்டாம். நீந்துதலைக் குறிக்கும் ‘ஸ்விம்’ என்பதும் இவ்வகுப்பையே சேர்ந்தது. மணியடித்தலைக் குறிக்கும் ‘ரிங்’ பழங்காலத்தில் வேறு வகுப்பில் இருந்தது; பின்னர் ‘ஸிங்’கைப் பார்த்துப் பார்த்து அதன் நடையைக் கற்றுக்கொண்டது. சொற்களுக்கும் சகவாச தோஷம் உண்டு.

பாடுதல் என்று நாம் சொல்லுவதும் ஆங்கிலேயர் ‘ஸிங்’ என்று சொல்லுவதும் ஓரிடத்தில் நன்றாகக் கைகோத்துக்கொள்ளுகின்றன. புலவன் ஒருவனைப் புகழ்ந்து கவிதை செய்தால், அரசனைப் பாடினான் என்கிறோம். தொல்காப்பியர் அதற்குப் பாடாண் என்று ஒரு திணையே வகுத்தார். ஆங்கிலக் கவிஞரும் வீரனை ‘ஸிங்’ செய்வார்கள். கம்பன் எழுத்தாணி பிடித்து எழுதியிருந்தாலும், இராமகாதையைப் பாடினான் என்பதே நமது வழக்கு. ஆனால் காவற்காரரிடம் அகப்பட்ட கள்வன் கூட்டாளிகளின் பெயரையெல்லாம் சொல்லிவிட்டால், அவனும் ‘ஸிங்’ செய்துவிட்டான் என்பர் ஆங்கிலேயர். நாம் அங்கே பாட்டைக் கொண்டுவருவதில்லை. கக்கிவிட்டான் என்று முடித்துவிடுவோம். வீட்டிலிருக்கும் ஸிங்கர் தையல் இயந்திரம் ஓடும்போது பாடுவதால் அப்பெயர் பெற்றது என்று ஒரு மாமி என்னிடம் சாதித்தார். அது ஐசக் மெரிற் ஸிங்கர் என்னும் அமெரிக்கரின் குடும்பப் பெயர். மாமிக்கு என் விடை பிடிக்கவில்லை.

இப்பொழுது கேத்திலுக்கு வருவோம். ‘ஸிங்’ என்னும் வினை மனிதக் குரலோடு நின்றுவிடுவதன்று. ‘பேயோவுல்ப்’ என்னும் பழைய ஆங்கிலக் காவியத்திலே வீரர் நடந்து வரும்போது அவர் மார்புக் கவசத்தின் இரும்பு வளையங்கள் பாடுகின்றன. காற்று வீசத் தந்திக்கம்பி ‘ஸிங்’ செய்யும்; பறந்து செல்லும் துப்பாக்கிக் குண்டு செய்யும்; காய்ச்சல்காரன் காதும் செய்யும். தமிழன் காது கூர்மையானது; இவ்வளவையும் ஒரு சொல்லுக்குள் அடைக்க அவன் இசையான். கம்பி ரீங்கரிக்கும், குண்டு சீறும், காது இரையும். பறவை பலவற்றுக்கும் ஆங்கிலம் ஒரு வினை கொடுக்கும் இடத்தில், குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும், வண்டு முரலும் என்று நமது பாடசாலை இலக்கணம் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

கேத்திலில் நீர் கொதிக்குமுன் எழும் ஒலிக்குக் காரணமும் உண்டு. அடித்தகட்டின் சூட்டிலே சிறு நீராவிக் குமிழிகள் பிறந்து மேலெழுகின்றன. மேலே நீர் இன்னும் குளிர்ந்திருப்பதால் அங்கே குலைந்து மடிகின்றன. ஆயிரமாயிரம் குமிழிகள் மடியும் ஒலியே அந்த இரைச்சல். நீர் முழுவதும் சூடேறிக் கொதித்துவிட்டால் அவ்வொலி தணிந்து, தளதளவென்னும் வேறொலி பிறக்கும். ஆகவே தம்பி, “கேத்தில் இரையத் தொடங்கியது” என்று எழுதுக. வகுப்பு சிரித்ததற்குக் காரணம் அகராதியின் பிழையன்று. அகராதி ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லைக் காட்டும். எந்த ஒலிக்கு எந்த வினை என்பதைக் காதுதான் காட்ட வேண்டும்.

இனி மீன்.

மேற்சொன்ன ஒலி மரபுப் பட்டியலை மறுபடியும் பாருங்கள். யானை பிளிறும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும். மீனுக்கு மட்டும் வினை இல்லை. ஊமையென்று விட்டுவிட்டார்கள். அப்படியிருக்க, வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நமது வாவியிலே, அடியிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. அதற்கு ஏதேனும் ஒரு வினையைக் கொடுத்தாக வேண்டும். எந்த வினையைக் கொடுப்பது?

நான் சிறுவனாக இருந்தபோது, சித்திரை கழிந்த ஒரு பூரணை இரவில், அயல்வீட்டு மாமா ஒருவர் தம் தோணியில் என்னை ஏற்றிச் சென்றார். கல்லடிப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளித் தோணியை நிறுத்தினார். அது 1924ஆம் ஆண்டிலே எழுப்பப்பட்டு, ஆளுநர் மனிங் துரையின் துணைவியார் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலம். அதன் பக்கத்தே அகன்ற புதுப்பாலம் 2013ஆம் ஆண்டில்தான் வந்தது. காற்று அசையவில்லை. மாமா துடுப்பின் அலகை நீருள் ஆழ்த்திப் பிடியை என் காதோடு ஒட்டி வைத்தார். முதலிற் கேட்டது என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஒலியே. அது அடங்கியபின், யாரோ தொலைவிலிருந்து தம்புராவின் நரம்பை ஓயாமல் வருடுவது போன்ற ஓர் அதிர்வு, ஒன்றன்று, பல, சில மெலிந்தவை, சில தடித்தவை.

“மீன் பாடுது மாமா!” என்று கத்திவிட்டேன்.

“மீனா? ஆரு மருமகன் சொன்ன? இது ஊரிர சத்தம்” என்றார்.

ஊரி என்றால் சிப்பி, நத்தை இனம். பாடசாலையிலே மீன் என்று சொல்லித் தந்திருந்தார்கள். மாமாவோ பாடசாலை வாயிலைக் காணாதவர். ஆகையால் மாமாதான் பிழை என்று தீர்மானித்துக்கொண்டு, மறுநாள் நண்பர்களிடம் மீன் பாடக் கேட்ட பெருமையை அளந்தேன். அத்தீர்மானத்தைக் குலைத்தது பல ஆண்டுகளுக்குப் பின் நான் வாசித்த ஓர் ஆங்கில நூல். அதற்கு முன்பே மாமா காலமாகிவிட்டார்.

நூலை எழுதியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். அயர்லாந்திலே பிறந்தவர், 1845 முதல் 1850 வரை இலங்கையிலே குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1848ஆம் ஆண்டு செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியடியில் இசை கேட்கும் என்ற பேச்சைக் கேள்வியுற்று, மீனவரை அழைத்துக்கொண்டு நிலவில் தோணியேறிப் போனார். கோட்டை வாயிலுக்குச் சிறிது தொலைவில் அவரும் அவ்வொலியைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது பிறக்கும் நாதத்துக்கு அதனை ஒப்பிட்டார். தோணியின் பலகையிலே காதை வைத்தால் ஒலி பெருகுவதையும் குறித்தார். மழைநீர் புகுந்து வாவி பெருகினால் ஒலி நின்றுவிடும், வறண்ட காலத்திலேயே கேட்கும் என்று மீனவர் சொன்னதையும் எழுதிவைத்தார். நீரில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடும். ஆனால் நீரிலிருந்து காற்றுக்குள் எளிதில் ஏறி வராது. அதனாலேயே மரத்தின் உதவி வேண்டியிருக்கிறது. எங்கள் மாமாவுக்குத் துடுப்பு, டெனன்டுக்குத் தோணிப் பலகை.

ஒலியெழுப்புவது எது என்று டெனன்ட் கேட்டபோது, மீனவர் மீனைக் காட்டவில்லை. ஊரிகளை எடுத்துவந்து காட்டினார்கள். அவற்றுள் ஒன்று, செரித்தியம் என்னும் இனத்தைச் சேர்ந்த, சுரிந்து நீண்ட உவர்நீர் ஊரி. டெனன்ட் அதனை நம்பினார். எடின்பரோவிலே கிராண்ட் என்னும் விலங்கியலறிஞர் கண்ணாடிக் கலத்தில் இட்டுவைத்த கடல் நத்தை ஒன்று ஒலியெழுப்பிய செய்தியையும் துணைக்கு எடுத்துக்காட்டினார்.

இனித்தான் நமது பகுதிக்குரிய செய்தி வருகிறது. அந்த ஊரிக்கு மீனவர் வழங்கும் தமிழ்ப் பெயர் இது என்று டெனன்ட் ஆங்கில எழுத்தில் ஒன்றை எழுதியிருக்கிறார். எழுத்துக் கூட்டி வாசித்தால் ‘ஊரீ கூலீரு கிராடு’ என்பது போல ஒலிக்கும். அதற்குக் ‘கிரையிங்’ செய்யும் சிப்பி, அஃதாவது ஓலமிடும் சிப்பி, என்று பொருளும் தந்திருக்கிறார். பெயரின் ஓசையே அதன் பொருளை எதிரொலிக்கிறது என்று பாராட்டுகிறார்.

வாசகர்களே, ஒருமுறை வாய்விட்டு விரைவாகச் சொல்லிப் பாருங்கள். ஊரீ கூலீரு கிராடு. இது பெயரா? நான் வாசிக்கும் வகையில் இது பெயரே அன்று. ஊரி குளிறுகிறது! எழுவாயும் பயனிலையும் அமைந்த முழு வாக்கியம். துரை “இது என்ன?” என்று கேட்டிருப்பார், தோணிக்காரர் நடப்பதைச் சொல்லியிருப்பார். துரை வாக்கியத்தைப் பெயரென்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நிகழ்கால வினைமுற்றின் விகுதி, சிப்பியின் பெயரிலே ஒரு பகுதியாகி அச்சேறிவிட்டது.

குளிறுதல் என்றால் ஒலித்தல், முழங்குதல். இடிக்கும் முரசுக்கும் பழம்புலவர் ஆண்ட வினை. அத்தகைய செந்தமிழ்ச் சொல் படிப்பறியாத மீனவர் வாயில் வருமா என்று யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கேட்டார். மட்டக்களப்பாரின் பேச்சுத்தமிழே எழுத்துத்தமிழுக்கு மிக அணுக்கமானது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதியதை அவருக்கு நினைவூட்டினேன். நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரே ஒலி. மீனவர் ‘குளிறு’ என்றனர். டெனன்ட் அதைக் ‘கிரை’ என்று பெயர்த்தார். ஆங்கிலத்தில் ‘கிரை’ என்பது கூவுதலையும் குறிக்கும், அழுதலையும் குறிக்கும். பின்வந்த ஆங்கில ஏடுகளும் வழிகாட்டி நூல்களும் ‘ஸிங்’ என்ற வினையைப் பற்றிக்கொண்டன. ஊரி மறைந்து ‘ஸிங்கிங் பிஷ்’ நிலைத்தது. இரும்பு வளையமும் கேத்திலும் செய்யக்கூடிய வினையாதலால் ஆங்கிலேயனுக்கு அதிலே இடர் எதுவுமில்லை. நமக்குத்தான் இடர். தமிழிலே ‘பாடு’ என்ற வினையை வைத்தவுடன், பாடுகிறவர் யார் என்ற கேள்வி எழுந்துவிடும். குளிறுவதற்கு ஓர் இடியோ முரசோ சிப்பியோ போதும்; பாடுவதற்கு ஒரு பாடகர் வேண்டும். ‘மீன் பாடும் தேன்நாடு’ என்ற தொடரில் மீன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த தமது யாழ்நூலிலே இவ்வொலியை அவரும் பாடலாகவே கேட்டார். ஆனால் பாடகராக மீனையும் வைக்கவில்லை, ஊரியையும் வைக்கவில்லை. நீரர மகளிரை வைத்தார். யாழின் சுருதிகளை ஆராய்ந்தவருக்கு அதுவே தகும்.

மீன் ஒலியெழுப்பாது என்று நான் சொல்லவில்லை. காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து ஒலிக்கும் மீன்கள் பல உண்டு. ஆங்கிலத்திலே சிலவற்றுக்குப் பெயரே அவ்வினைகளால் வந்தது. கரகரப்பதனால் ‘குரோக்கர்’, உறுமுவதனால் ‘கிரன்ட்’. கலிபோர்னியாக் கரையிலே ஒருவகை மீனின் ஆண், இரவு முழுதும் பெண்மீனை அழைத்து முனகும். அங்கே படகுவீடுகளில் வாழ்வோர் உறக்கமிழந்து முறையிட்டதுண்டு. நமது வாவியின் ஒலியை 1950களிலே மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க யேசுசபைக் குருமார் நீருள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தனர். இலங்கை வானொலியிலும் அது ஒலிபரப்பாயிற்று. ஒலி உண்டு என்பதிலே ஐயமில்லை. ஒலிப்பது மீனா, ஊரியா என்ற வழக்குத்தான் இன்னும் தீராமல் இருக்கிறது. அவ்வழக்கிலே வாவியோடு வாழ்ந்த மீனவரின் சாட்சியம், ஒரு வினைச்சொல் மாறியதால் கேட்பாரற்றுப் போயிற்று என்பதே என் மனக்குறை. துடுப்பின் மறுமுனையிலே காதை வைத்திருந்த சிறுவனும் அதைக் கேட்கவில்லையே.

ஆகவே களுவாஞ்சிகுடி மாணவருக்கு இரண்டாவது விடை: மீன் பாடட்டும், கவிதைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் உமது கட்டுரையில் வாவியின் ஒலியைச் சொல்ல நேர்ந்தால் ‘குளிறுகிறது’ என்று ஒருமுறை எழுதிப் பாரும். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தால் இந்தப் பகுதியைக் காட்டும்.

வாவியோரத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், அல்லது அயலில், தோணி வலித்த முதியவர் இருப்பாராயின், ‘ஊரி குளிறுது’ என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்திலே அச்சொல் ஏதேனும் அசைவை உண்டாக்குகிறதா, அல்லது அவர் வேறொரு வினையைச் சொல்லுகிறாரா என்பதை ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள். அவர் சொன்னபடியே, எழுத்தைத் திருத்தாமல் எழுதுங்கள்.